90 செ.மீ. டிஷ்ஷுக்கு மாறி ஒரு வருஷம்: செங்கோட்டைக் காற்றில் வைத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

எங்கள் வீடு செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜூன் பிறந்துவிட்டால் மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று செப்டம்பர் வரைக்கும் விடாது. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிற அதே காற்றுதான் எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியையும் கொண்டுபோகும். போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு வாரம் முழுக்க, ராத்திரி ஏழு மணிக்கு மேல் டிவி படம் கட்டம் கட்டமாக உடைந்து, அப்படியே உறைந்து, கடைசியில் சிக்னல் இல்லை என்று நின்றுவிட்டது. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. முட்டி வலியால் வெளியே அதிகம் போவதில்லை, சாயங்காலச் செய்தியும் பழைய பாட்டும்தான் அவருக்குப் பொழுது. படம் நின்றதும் ஒன்றும் சொல்ல மாட்டார், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்போது இருந்தது ஒரு கட்டண டிடிஎச் நிறுவனம் எப்போதோ மாட்டிவிட்டுப் போன 60 செ.மீ. டிஷ். மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதை நிறுத்திவிட்டு, அதே டிஷ்ஷில் டிடி ஃப்ரீ டிஷ் பார்த்துக்கொண்டிருந்தோம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: தூர்தர்ஷனை நடத்துகிற பிரசார் பாரதி 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் ஆரம்பித்த சேவைதான் இது, மாதக் கட்டணம் கிடையாது, டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும். தமிழ் சேனல்கள் குறைவு என்பது உண்மையான குறை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அப்பாவுக்கு வேண்டியது டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்தது), அது இதில் வருகிறது.

முதலில் தெரிந்த வழியில் போனேன், போன் செய்து ஒரு டெக்னீஷியனை வரவழைத்தேன். எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதவில்லை. வந்த பையன் மாடிக்குப் போய் ஸ்பேனரால் நட்டைத் தளர்த்தி, டிஷ்ஷை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். நான் கீழேயிருந்து "வந்துட்டு" என்று கத்தினதும் நட்டை இறுக்கிவிட்டு, "எல்லாம் ஓகே அண்ணாச்சி" என்று சொல்லி 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. மூன்றாம் நாள் ராத்திரி மறுபடியும் அதே கதை. திரும்பப் போன் செய்தபோது, உங்கள் டிஷ் சின்னது, பெரிய டிஷ் போட வேண்டும் என்றார்கள். அது பாதிதான் உண்மை என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பாதி உண்மையை நம்பி அன்றைக்கே பெரிய டிஷ் வாங்கி அதே இடத்தில் மாட்டியிருந்தால், இருந்ததும் போயிருக்கும்.

செங்கோட்டையில் டிவி, டெக் காலத்திலிருந்து ரிப்பேர் பார்க்கிற ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் போய் 90 செ.மீ. டிஷ் என்ன விலை என்று கேட்டேன். விலை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மாடியேறி, டிஷ்ஷைத் தொடக்கூட இல்லை, அதைத் தாங்குகிற கம்பியில் உள்ளங்கையை வைத்தார். என் கையையும் பிடித்து வைத்தார். காற்று வந்து அடிக்க அடிக்க அந்தக் கம்பி உள்ளுக்குள் துடிப்பது கையில் தெரிந்தது, நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி. "கம்பி ஆடுதுல்லா தம்பி, பொறவு சிக்னல் எப்படி நிக்கும்? குடைய மாத்தி என்ன செய்ய?" என்றார்.

குனிந்து பார்த்தால் கைப்பிடிச் சுவரில் அடித்திருந்த நாலு ஆங்கர் போல்ட்டில் இரண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தன. சுற்றியிருந்த சிமெண்ட் பொரிந்து, விரலால் தள்ளினாலே உதிர்ந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும், இது புரிந்தால்தான் மற்றது புரியும். ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 என்ற நம் இஸ்ரோ செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 ராக்கெட்டில் போனது, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. 60 செ.மீ. டிஷ் வானத்தில் மூன்று டிகிரி சொச்சம் அகலமான ஒரு வட்டத்தைத்தான் பார்க்கிறது. 90 செ.மீ. டிஷ் பார்க்கிற வட்டம் இரண்டு டிகிரிதான். அதாவது டிஷ் பெரிதாகப் பெரிதாக அது வாங்குகிற சிக்னல் கூடும், பார்வை குறுகும். ஆடுகிற கம்பியில் பெரிய டிஷ்ஷை மாட்டினால் காற்று அதை இன்னும் பலமாகத் தள்ளும், கொஞ்சம் விலகினாலும் குறி தப்பிவிடும், இரண்டு பக்கமும் அடி. மணிக்கு 70 கி.மீ. வேகக் காற்று 60 செ.மீ. டிஷ்ஷை நேராக அடித்தால் ஏறக்குறைய 9 கிலோ எடை தள்ளுகிற மாதிரி, 90 செ.மீ. என்றால் 20 கிலோ. எங்கள் ஊர் ஆடிக் காற்றில் இது பெரிய விஷயம்.

அதனால் நான் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் பாக்ஸில் என்ன காட்டுகிறது என்று அப்பாவின் பழைய டைரியில் எழுதி வைத்தேன். பாக்ஸ் மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடு வரும், ஸ்ட்ரெங்த்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எல்என்பிக்கு (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்புகிற சின்னப் பெட்டி) கரண்ட் போய்க் கேபிளில் ஏதோ ஒன்று வந்தாலே அது 70, 80 என்று நிற்கும், டிஷ் வெறும் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும். குவாலிட்டிதான் உண்மையைச் சொல்லும். நான் கீழே எழுதுகிற எண் எல்லாம் குவாலிட்டி, என் பாக்ஸ் காட்டியது. வேறு பாக்ஸில் வேறு எண் வரும், ஆனால் கூடினதா குறைந்ததா என்பது எதில் பார்த்தாலும் ஒன்றுதான்.

பழைய கம்பி, பழைய டிஷ், காற்று அடங்கின காலை நேரத்தில் 45. காற்று அடிக்கும்போது 20க்கும் 45க்கும் நடுவில் ஊஞ்சலாடியது, 30க்குக் கீழே போனால் படம் உடைந்தது. அந்தக் காலத்து ஆன்டெனா என்றால் சிக்னல் குறையக் குறையப் புள்ளி புள்ளியாக ஆகும், ஆனாலும் ஆள் தெரியும், குரல் கேட்கும். டிஜிட்டலில் அந்த நடுத்தரம் கிடையாது, எல்லை வரைக்கும் பளிச்சென்று இருக்கும், எல்லை தாண்டினால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் வெயில் நாளில் நன்றாகத்தானே இருந்தது என்று தோன்றுகிறது. இருந்தது, ஆனால் விளிம்பில் நின்றது.

முதல் வேலை கம்பி. இரண்டு இஞ்ச் ஜிஐ பைப், கொஞ்சம் கனமானது, இரும்புக் கடையில் வெட்டி வாங்கி வெல்டிங் பட்டறையில் இரண்டு கிளாம்ப் அடித்தேன். எங்கே நிறுத்துவது என்பதில் பெரியவர் சொன்ன யோசனைதான் இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் ஊரில் காற்று மேற்கே மலையிலிருந்து வருகிறது. செயற்கைக்கோள் இருப்பது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில், சரியாகச் சொன்னால் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கம் 28 டிகிரி தள்ளி. அப்படியானால் மாடிப்படி அறையின் கிழக்குச் சுவரில் டிஷ்ஷை மாட்டினால், அந்த அறையே டிஷ்ஷின் முதுகுக்குக் காற்றுத் தடுப்பாக நிற்கும். இத்தனை வருஷம் கைப்பிடிச் சுவரில், காற்று நேராக வந்து மோதுகிற மேற்கு மூலையில்தான் அது இருந்திருக்கிறது, கேபிள் நீளம் குறைச்சல் என்பதால் மாட்டினவர்கள் அங்கே மாட்டியிருக்கிறார்கள்.

கொத்தனாரை வைத்துச் சுவரில் கிளாம்பை இறுக்கி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு இரண்டு பக்கமும் பார்த்து, பைப்பைச் செங்குத்தாக நிறுத்தினோம். கம்பி கொஞ்சம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் அடித்திருக்கிற டிகிரி அளவுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். பழைய டிஷ்ஷையே இதில் மாட்டிப் பார்த்தேன். குவாலிட்டி 58. காற்றடிக்கும்போது 56, 57. அவ்வளவுதான், ஆட்டம் நின்றுவிட்டது. இதற்கு ஆன செலவு பைப், கிளாம்ப், போல்ட் 900, கொத்தனாருக்கும் வெல்டிங்குக்கும் 600. டிஷ் சின்னது என்று போனில் சொன்னார்களே, அந்தச் சின்ன டிஷ்தான் இது.

இரண்டாவது கேபிள். எல்என்பியில் திருகியிருந்த பழைய கனெக்டரைக் கழற்றினேன். உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்தது. நடுவில் இருக்கிற செம்புக் கம்பி பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்காமல் கிடந்தால் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. மேலே சுற்றியிருக்கிற சல்லடைப் பின்னல் கறுத்து, தொட்டால் தூளாக உதிர்ந்தது, தண்ணீர் அதற்குள்ளேயே ஊறிக் கேபிளுக்குள் ஒரு முழம் போயிருக்கிறது. இந்த ஒரே கேபிளில்தான் சிக்னல் கீழே வருகிறது, எல்என்பிக்கு வேண்டிய கரண்டும் மேலே போகிறது, அந்த கரண்ட் 13 வோல்ட்டா 18 வோல்ட்டா என்பதை வைத்துத்தான் எல்என்பி எந்த வகை அலையை வாங்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஈரம் புகுந்த கனெக்டரில் இரண்டும் கெடும்.

புதிதாக 25 மீட்டர் ஆர்ஜி-6 வகைக் கேபிள் வாங்கினேன், மீட்டர் 22 ரூபாய். கடையில் 12 ரூபாய்க்கும் ஒன்று காட்டினார்கள். இரண்டையும் நுனியில் சீவிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், மலிவானதில் நடுக்கம்பி இரும்பு, மேலே செம்பு முலாம் மட்டும், காந்தத்தை வைத்தால் ஒட்டுகிறது. பின்னலும் எண்ணி எடுக்கிற மாதிரி நாலு இழை. கனெக்டரில் திருகுகிற வகை வேண்டாம், கருவியால் அமுக்கி இறுக்குகிற கம்ப்ரஷன் வகை வாங்குங்கள், ஒன்று 15 ரூபாய்தான். கருவி பெரியவரிடம் இரவல் வாங்கினேன். எல்என்பிக்குக் கீழே கேபிளை ஒரு சுற்றுத் தொங்கவிட்டுக் கட்ட வேண்டும், மழைத் தண்ணீர் கேபிள் வழியே கனெக்டருக்குள் போகாமல் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கேபிளும் கனெக்டரும் மாற்றியதும் 64.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். சாரல் மழைக்கு 64 போதும், படம் நின்றது, அப்பாவும் செய்தி பார்த்தார். நான் மேலே போனதற்குக் காரணம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்கு மழை சாரல் மாதிரி இல்லை, இடியோடு கொட்டும். ஃப்ரீ டிஷ், டிடிஎச் எல்லாம் வருகிற கேயூ பேண்ட் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது, மழைத்துளி அதை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தாங்க மிச்சம் கையில் இருக்க வேண்டும், அந்த மிச்சத்தைத்தான் பெரிய டிஷ் தருகிறது. 60லிருந்து 90க்குப் போனால் பரப்பளவு இரண்டேகால் மடங்கு, டெசிபெல்லில் சொன்னால் 3.5.

ஆறடி சி பேண்ட் டிஷ் போட்டால் மழையே தொந்தரவு செய்யாதே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், 4 கிகாஹெர்ட்ஸ் அலையை மழை அவ்வளவாகத் தொடாது. கோவில்பட்டிப் பக்கம் என் சகலை வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஃப்ரீ டிஷ் சி பேண்ட்டில் வருவதில்லை, தவிர எங்கள் காற்றில் ஆறடி டிஷ்ஷை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை. விட்டுவிட்டேன்.

இப்போது 90 செ.மீ. டிஷ் பற்றி. தென்காசியில் வாங்கினேன், ஸ்டாண்ட், எல்என்பி தாங்குகிற கை எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். தகடு நல்ல கனம். வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்து பார்த்தேன், நீங்களும் செய்யுங்கள். டிஷ்ஷின் மேல் ஒரு நூலை விளிம்பிலிருந்து விளிம்புக்கு மேலும் கீழுமாக இழுத்துப் பிடியுங்கள், இன்னொன்றை இடமும் வலமுமாக. நடுவில் இரண்டு நூலும் தொட்டும் தொடாமலும் இருந்தால் தட்டு நேராக இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி இருந்தாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ தட்டு முறுகியிருக்கிறது, அதைத் தள்ளிவிட்டு வேறு கேளுங்கள். எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்தது முறுகல், லாரியில் அடுக்கி வரும்போது ஆகியிருக்கும். கடைக்காரர் முகம் சுளிக்காமல் வேறு எடுத்துக் கொடுத்தார், அதற்காக அந்தக் கடையை எனக்குப் பிடிக்கும்.

குறை இரண்டு. ஒன்று, கூட வருகிற நட்டு போல்ட். அவை மழை பட்ட மூன்றாம் மாதமே சிவந்துவிட்டன, நான் எல்லாவற்றையும் ஸ்டீல் போல்ட்டாக மாற்றினேன். மாட்டும்போதே மாற்றிவிட்டால் இரண்டாம் தடவை குறி பார்க்கிற வேலை மிச்சம். இரண்டு, எல்என்பியைப் பிடிக்கிற பிளாஸ்டிக் வளையம். வெயிலில் எட்டு மாதத்தில் கீறல் விட்டது. இந்த விலைக்கு ஒரு தகரப் பட்டையாவது கொடுத்திருக்கலாம்.

எல்என்பி 280 ரூபாய். கடையில் இருக்கிற எல்லா எல்என்பியிலும் 0.1 டெசிபெல் (எல்என்பி தானாகச் சேர்க்கிற இரைச்சலின் அளவு) என்று பெரிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், 250 ரூபாய்க்கும் அதே எண், 600 ரூபாய்க்கும் அதே எண். வீட்டில் அளந்து பார்க்க வழியில்லாத அந்த எண்ணை வைத்து வாங்காதீர்கள். வாயை மூடியிருக்கிற மூடி கனமாக, இடைவெளி இல்லாமல் இருக்கிறதா, கனெக்டருக்கு மேல் இழுத்துவிடுகிற மழை உறை இருக்கிறதா, இதைப் பாருங்கள். என் பழைய எல்என்பியில் மூடி வெயிலில் வெடித்து உள்ளே தண்ணீர் போயிருந்தது.

அடுத்தது குறி பார்ப்பது, இதில்தான் இரண்டு நாள் போனது. எங்கள் ஊரிலிருந்து ஜிசாட்-15 வானத்தில் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட தலைக்கு மேலே. ஆனால் டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மல்லாந்திருக்காது, இது ஆஃப்செட் வகை, அது பார்க்கிற திசை தட்டு சாய்ந்திருப்பதைவிட இருபது டிகிரிக்கும் மேல் உயரத்தில் இருக்கும். பின்னால் இருக்கிற அளவுகோலில் 68 வைத்தால் அதுவே கணக்குப் பார்த்துக்கொள்ளும். அதோடு, இந்த உயரம் இருப்பதால் பக்கத்து வீட்டுத் தென்னை பற்றிய என் கவலையும் தீர்ந்தது. டிஷ்ஷைவிட 15 மீட்டர் உயரமான மரம் அந்தத் திசையில் 6 மீட்டருக்குள் இருந்தால்தான் மறைக்கும். அவர்கள் மரம் 10 மீட்டர் தள்ளி நிற்கிறது. அதை வெட்டச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்திருந்தேன், கேட்காதது நல்லதாயிற்று.

முதல் நாள் 250 ரூபாய் முள் மீட்டரோடு மாடியேறினேன், சிக்னல் பட்டால் கீச்சென்று கத்துமே, அதுதான். அது கத்துவது எதைப் பார்த்து என்று அதற்கே தெரியாது. 91.5 டிகிரியில் மீசாட், 95 டிகிரியில் எஸ்இஎஸ்-8, நடுவில் நம் ஜிசாட்-15, மூன்றுமே இந்தியாவுக்குப் பலமாக அனுப்புகின்றன. மீட்டர் வீறிட்டுக் கத்தியது, கீழே பாக்ஸில் குவாலிட்டி பூஜ்யம். ஒரு மணி நேரம் வெயிலில் பக்கத்துச் செயற்கைக்கோளுக்கு டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் 2010 ஜூலையில், இதே 93.5 டிகிரியில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்களை (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்புகிற கருவிகள்) நிறுத்த வேண்டியிருந்தபோது எங்கள் தெருவில் பல டிஷ்களை மீசாட் பக்கம் இரண்டு டிகிரி மட்டும் திருப்பி வேலையை முடித்தார்கள், அது நினைவுக்கு வந்தது.

மறுநாள் டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன், 2,900 ரூபாய். அலைவரிசையை நீங்களே போட்டுவிடலாம், 11090, வெர்ட்டிகல், சிம்பல் ரேட் 29500. அந்தச் சிக்னல் கிடைத்தால் மட்டும் குவாலிட்டி காட்டும், சேனல் படத்தையே சின்னத் திரையில் காட்டும். டிடி தமிழ் அந்த உள்ளங்கை அகலத் திரையில் மொட்டை மாடியில் வந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை, மீட்டரைக் கையோடு கீழே கொண்டுபோய் அப்பாவிடம் காட்டலாம் என்று இரண்டு படி இறங்கிவிட்டேன், கேபிளைக் கழற்றினால் படம் போய்விடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. வெயிலில் திரை சரியாகத் தெரிவதில்லை என்பது இதன் குறை, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தேன். பேட்டரி இரண்டு மணி நேரம் நின்றது. ஒரு வீட்டுக்கு மட்டும் என்றால் இந்த விலை அதிகம், வாங்காதீர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு நாள் வாடகைக்குக் கேளுங்கள். நான் வாங்கியது இப்போது தெருவில் ஐந்து வீட்டுக்குப் போய் வந்துவிட்டது, அதனால் வருத்தமில்லை.

குறியைத் துல்லியமாக வைக்கப் பெரியவர் காட்டிக் கொடுத்த முறை இது. படம் வந்ததும் நிறுத்திவிடக் கூடாது. டிஷ்ஷை மெல்ல இடது பக்கம் திருப்பிக்கொண்டே போய், குவாலிட்டி 50க்கு இறங்குகிற இடத்தில் பைப்பில் பென்சிலால் ஒரு கோடு. அப்புறம் வலது பக்கம் திருப்பி, உச்சத்தைத் தாண்டி, அந்தப் பக்கமும் 50க்கு இறங்குகிற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் நிறுத்த வேண்டும். எனக்கு இரண்டு கோட்டுக்கும் இடையே இருந்தது ஒரு நெல் மணி அகலம் கூட இல்லை. மேலும் கீழும் இதே மாதிரி. நட்டை ஒரே பக்கமாக இறுக்கினால் டிஷ் அந்தப் பக்கம் இழுபட்டு எல்லாம் வீணாகும், இடது கால் சுற்று, வலது கால் சுற்று என்று மாற்றி மாற்றி, ஒரு கண் மீட்டரில் இருக்க இறுக்க வேண்டும்.

கடைசியில் எல்என்பியை அதன் வளையத்துக்குள் திருப்புவது. இதைப் பலர் செய்வதே இல்லை. தமிழ்நாட்டின் தென்கோடியில், அதுவும் செயற்கைக்கோள் கிழக்கே இவ்வளவு தள்ளி இருக்கும்போது, எல்என்பியை நன்றாகவே சாய்க்க வேண்டியிருக்கும், நேராக வைத்தால் நமக்கு வேண்டிய அலையோடு வேண்டாததும் கலந்துவிடும். ஒரு நேரத்தில் கொஞ்சமாகத் திருப்பி, கையை எடுத்துவிட்டு, மூன்று விநாடி பொறுத்து மீட்டரைப் பார்க்க வேண்டும். கையும் உடம்பும் எல்என்பிக்கு முன்னால் இருந்தாலே சிக்னல் மறையும். இதிலேயே எனக்கு 6 கூடியது, காசு செலவில்லாமல்.

எல்லாம் முடிந்து 79.

பாக்ஸையும் மாற்றினேன், 1,100 ரூபாய். எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்புகிற முறை, பழைய எம்பெக்-2 பாக்ஸில் ஃப்ரீ டிஷ்ஷில் வருகிற எம்பெக்-4 சேனல்கள் வராது. புதிதில் இரண்டும் வருகின்றன. ரிமோட் பட்டன் சின்னது, அப்பாவுக்கு விரலில் சிக்கவில்லை, டிடி தமிழ் எண்ணை மட்டும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு சோதனை செய்தேன், இதை அவசியம் எழுத வேண்டும். வருஷத்தில் இரண்டு தடவை, எங்கள் பக்கம் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிஷம், நாலைந்து நாளுக்கு, சூரியனுடைய இரைச்சலில் படம் போய்விடும். டிஷ் கெட்டுவிட்டது என்று நினைத்து அந்த நேரத்தில் யாரும் நட்டைத் தளர்த்தாதீர்கள். அதைவிட, மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பாருங்கள். அந்த நேரத்தில் சூரியன் இருக்கிற இடம்தான் செயற்கைக்கோள் இருக்கிற இடம். டிஷ் முழுக்க வெயில் விழுந்திருந்தால் வழியில் எந்த மறைப்பும் இல்லை. எங்காவது ஓலை நிழலோ தண்ணீர்த் தொட்டி நிழலோ தட்டின் மேல் விழுந்தால், அதுதான் உங்கள் சிக்னலைத் தின்கிறது. என் டிஷ்ஷின் கீழ் விளிம்பில் துணி காயப்போடுகிற கொடிக்கம்பியின் நிழல் ஒரு கோடாக விழுந்தது, அந்தக் கம்பியை மறுபக்கம் மாற்றிக் கட்டினேன்.

பிறகு ஐப்பசி வந்தது. பழைய டிஷ் இருந்தபோது கனமழைக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம் படம் இருக்காது. இந்த முறை மூன்று பெரிய மழையில் இரண்டு தடவை படம் போனது, மூன்று நாலு நிமிஷம்தான், மேகம் கொஞ்சம் விலகினதும் தானாக வந்துவிட்டது. மழையில் போகவே போகாது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள், 90 செ.மீ. என்ன, 120 போட்டாலும் கொட்டுகிற மழையில் போகும், எவ்வளவு நேரம் என்பதுதான் வேறுபடும். இடி கேட்டால் பாக்ஸிலிருந்து கேபிளையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பைப்பிலிருந்து ஒரு எர்த் கம்பியும் இறக்கியிருக்கிறேன்.

இந்த வருஷ ஆடியும் வந்து போய்விட்டது. போன வாரம் மாடிக்குப் போய்ப் பென்சில் கோட்டைப் பார்த்தேன், டிஷ் அந்த இடத்திலேயே நிற்கிறது, குவாலிட்டி 78. பெரியவருக்குக் கொடுத்த 500 ரூபாயும் சேர்த்து, மீட்டர் இரண்டும் போக, மொத்தம் 5,370 ரூபாய் ஆனது. மதுரை மாதிரி இவ்வளவு காற்று இல்லாத ஊரில் இருப்பவர்கள் முதலில் கம்பியும் கேபிளும் மட்டும் பாருங்கள், 2,200 ரூபாய்க்குள் முடியும், பாதிப் பேருக்கு அதற்கு மேல் தேவைப்படாது. அதற்குப் பிறகும் மழைக்கு நிற்கவில்லை என்றால் 75 அல்லது 90 செ.மீ. டிஷ் வாங்கலாம்.

பழைய 60 செ.மீ. டிஷ் மாடிப்படிக்குக் கீழே துடைத்து வைத்திருக்கிறேன். தட்டு முறுகாமல் நல்ல நிலையில் இருக்கிறது, நூல் வைத்துப் பார்த்துவிட்டேன். எங்கள் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். எல்என்பி மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.